கோட்டைக்கு மூத்த ஊர்

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆண்டகளூர் கேட், புதன்சந்தை தாண்டி நாமக்கல்லை நெருங்கினால் முதலில் கண்ணில் படுவது கோட்டைதான். சமதரையில் 246 அடி எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை, அதன் உச்சியைச் சுற்றி மதில். கோட்டை வந்த பிறகுதான் ஊர் வந்தது என்று யாருக்கும் தோன்றும். நடந்தது நேர்மாறு.

கோட்டையால் பிறந்த ஊருக்கு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நல்ல உதாரணம். மணற்கல் குன்றின்மேல் கோட்டை. 1050-இல் அந்த ஊர்ப்பெயர் முதன்முதலாக ஓர் ஆவணத்தில் வருகிறது. பேரரசர்கள் வந்து தங்கிய கோட்டையின் நிழலில் வணிகர்களும் கைவினைஞர்களும் குடியேறினார்கள். ஊர் பெருகப் பெருக மதிலும் வெளியே நகர்ந்து, கடைசியில் சுமார் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்கு விரிந்தது. 1945 ஜனவரி 2 அன்று விழுந்த குண்டுகளில் அந்தப் பழைய நகரம் நொறுங்கியது. இன்று அங்கே பார்க்கிற பழமையில் பெரும்பகுதி பிறகு எடுத்துக் கட்டியது.

நாமக்கல்லில் முதலில் குடியேறியது சாமி. 8-ஆம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் இந்தப் பாறையின் அடிவாரத்தை இரு பக்கமும் குடைந்தார்கள். மேற்கே நரசிம்மர், கிழக்கே பாம்பணையில் அரங்கநாதர். கிழக்குக் குகைக்கு ‘அதியேந்திர விஷ்ணுகிருஹம்’ என்று கிரந்தக் கல்வெட்டு பெயர் சொல்கிறது. குணசீலன் என்ற அரசன் பெயரும் அதில் இருக்கிறது. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், பூமியை ஏந்தும் வராகர், ஒரு காலை வானுக்குத் தூக்கிய திரிவிக்கிரமர் என்று சுவர் நிறையச் சிற்பங்கள். மணற்கல்லைப் போல உளிக்கு இளகுகிற கல் இல்லை இது, கருங்கல். ஒரு கை, ஒரு மூக்கு பிசகினாலும் ஒட்டுப்போட வழியில்லை.

ஊருக்குள் வேறு கதை சொல்வார்கள். கண்டகி நதியிலிருந்து அனுமார் கொண்டுவந்த சாளக்கிராமம் இது. கமலாலயக் குளத்தில் நீராடக் கீழே வைத்தார். திரும்பி வந்து தூக்கினால் அசையவில்லை. அப்படியே மலையாகிவிட்டது. நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்கு இன்றும் மேற்கூரை கிடையாது. கணிதமேதை ராமானுஜன் வீட்டுக் குலதெய்வமான நாமகிரித் தாயாரின் சன்னதியும் இங்கேதான்.

குகையும் குளமும் ஆளைக் கூட்டின. தெருக்கள் பாறையைச் சுற்றிப் படர்ந்தன. மதில் வந்தது பல நூற்றாண்டு கழித்து, நாயக்கர் காலத்தையொட்டி. சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்பார்கள். மைசூர் அரசின் அதிகாரி லட்சுமிநரசய்யா கட்டியது என்பாரும் உண்டு. யார் கட்டியிருந்தாலும் அவர் காவல் போட்டது ஏற்கெனவே இருந்த ஊருக்கு. உச்சியில் இடம் ஒன்றரை ஏக்கர்தான். ஊரே ஏறி ஒளிய அங்கே இடமேது? சிப்பாய்கள் நின்று நாலு திசையும் பார்க்கப் போதும்.

பார்க்க வேண்டிய காலமும் வந்தது. 1768-இல் கும்பினிப்படைத் தளபதி கர்னல் வுட் பிடித்தார். சில மாதங்களிலேயே ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலம் சீமையைக் கொடுக்க நேர்ந்தபோது நாமக்கல்லும் கைமாறியது. அதோடு கோட்டையின் வேலை தீர்ந்தது. இன்று மேலே ஒரு பெருமாள் கோயில், ஒரு தர்கா, மழைத்தண்ணீர் தேங்கும் சுனைகள், தொல்லியல் துறையின் பலகை.

கீழே ஊரின் வேலை தீரவில்லை. லாரிக்குப் பாடி கட்டியது, கோழிப்பண்ணை வைத்தது, 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானது. இதில் எதற்கும் அந்த மதிலைக் கேட்கவில்லை.

பார்க்கப் போகிறவர்கள் ஊர் பிறந்த வரிசையிலேயே பார்க்கலாம். நடை திறந்திருக்கும் காலை நேரத்தில் முதலில் இரண்டு குகைகள், அடுத்து ஆஞ்சநேயர், பிறகு குளம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறிக் கோட்டையைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அதுதான் இந்தப் பாறைக்குக் கடைக்குட்டி.