லெவல் இல்லாத பூசாரி

மக்களே, கூட வேலை பார்க்கும் நண்பன் ஒருத்தன் ரோல்பிளேயிங் கேம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறான். அதில் பூசாரி கேரக்டருக்கு கியூபாவின் சாந்தெரியாவை எடுத்துக்கொண்டான். அங்கே தீட்சை வாங்கியவர் ஒரு வருஷம் வெள்ளைத் துணிதான் உடுத்த வேண்டும். மேலே பாபாலாவோ என்று குறி சொல்லும் குருமார். படிப்படியாக லெவல் ஏறலாம். "உங்க ஊர்ல இப்படி ஏதாவது இருக்காடா?" என்றான்.

இல்லாமலா? மயிலாடியில் இருந்து பைக்கை எடுத்தால் கால் மணி நேரத்தில் சாமித்தோப்பு. 1830களில் அய்யா வைகுண்டர் அங்கே மக்களைக் கூட்டினார். ஏறத்தாழ எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கும் பிறகு முட்டப்பதிக்கும் துவையல் தவசுக்கு அனுப்பினார். தினமும் குளியல், துணி துவைப்பது, சைவச் சாப்பாடு. ஆக, தீட்சை ரெடி. பாண்டவர் பெயரில் ஐந்து சீடர்கள். ஆக, லெவலும் ரெடி என்று எக்செல்லில் டேபிள் போட்டுவிட்டேன். தலைப்பாகைக்கு ஐந்து பாயிண்ட்!

லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "ஏலே, தலப்பா என்ன வெளையாட்டுச் சாமானா?" என்று ஒரு போடு போட்டார். அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்புறம்தான் உறைத்தது. அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. பெண்கள் தோள்சீலை போட 1859 வரை போராட வேண்டியிருந்தது. கோயிலுக்குள் நுழைய 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ராஜ்யத்தில்தான் அய்யா, தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிட வாருங்கள் என்றார். எல்லாச் சாதிக்கும் பொதுவாக முத்திரிக்கிணறு வெட்டினார். அரசாங்கம் அவரைப் பிடித்து திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். எங்க மயிலாடி சிற்பிகளின் ஊர். உளிச்சத்தம் கேட்டே வளர்ந்தவன் நான். சாமித்தோப்புப் பள்ளியறையிலோ சிலையே கிடையாது, கண்ணாடிதான். எதிரே நின்றால் தெரிவது நம்ம மூஞ்சி. நெற்றியில் நாமம், தலையில் துணி. யார் நின்றாலும் அதேதான்.

அதற்காக அமைப்பே இல்லை என்று சொல்ல முடியாது. தலைமைப்பதியில் பையன் பரம்பரை இருக்கிறது, நிழல்தாங்கல்களில் பணிவிடை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தலைப்பாகை அவர்களுக்கு மட்டும் கிடைத்த பரிசு அல்ல. வாசலில் நுழையும் கடைசி ஆளுக்கும் அது உண்டு. சாந்தெரியாவை வளர்த்ததும் ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள்தான். பட்டம் இல்லாதவர்கள் தங்களுக்குள் பட்டம் கொடுத்துக்கொண்டார்கள் என்றால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே அதே வலிக்கு வேறு மருந்து, அவ்வளவுதான்.

டேபிளை அழித்துவிட்டேன். "அப்போ பூசாரி எப்படிடா ஜெயிப்பான்?" என்று நண்பன் கேட்கிறான். ஒரே கிணற்றில் எத்தனை பேரைத் தண்ணீர் கோர வைக்கிறான் என்று எண்ணிப் பார் என்றேன். யோசிக்கிறானாம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "செரி, சாப்ட்டியாலே?" என்றார். கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.