நம் நாட்டு விண்மீன் ஆர்வலர்கள்

விஞ்ஞானத்தை ஊதியம் பெற்றுச் செய்வோர் ஒரு சாரார். அதன்மீது கொண்ட பற்றொன்றினாலேயே செய்வோர் மற்றொரு சாரார். இப்பிற்சாராரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பர். மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனைப் 'பொழுதுபோக்காளர்' என்று பெயர்க்கின்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இது நிறைவளிக்கவில்லை. இலத்தீன் மொழியில் அன்பு செய்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளில், அன்புடையாரை 'ஆர்வலர்' என்னும் சொல்லால் குறிக்கின்றார். அச்சொல்லே இங்கும் பொருந்தும். நம் நாட்டில் வானநூலுக்கு இத்தகைய ஆர்வலர்கள் ஆற்றிய தொண்டு எத்தன்மையது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவர்களைக் காண்கிறோம். விசாகப்பட்டினத்து ஜமீன்தாரான கோடே வெங்கட ஜக்காராவ், சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த டெய்லரிடம் பயிற்சி பெற்றுத் தம் ஊரிலேயே சொந்தமாக ஒரு வானாய்வுக் கூடத்தை நிறுவினார். அவருக்குப் பின் அதனைப் பேணிய அவருடைய மருமகன் அங்கிதம் வெங்கட நரசிங்கராவ், 1874 டிசம்பர் மாதத்தில் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து சென்ற அரிய நிகழ்ச்சியைக் கண்டு குறித்தார். ஒரிஸ்ஸாவின் கண்டபடா சமஸ்தானத்துச் சந்திரசேகர சாமந்தரோ தொலைநோக்கியின் துணையின்றியே வானை அளந்தார். மூங்கிலாலும் மரத்தாலும் தாமே ஆக்கிய கருவிகளைக் கொண்டு கோள்களின் இயக்கத்தைக் கணித்து, 'சித்தாந்த தர்ப்பணம்' என்னும் வடமொழி நூலை அவர் இயற்றினார். அந்நூல் 1899-இல் கல்கத்தாவில் அச்சேறியது.

எனினும் இவர்கள் தனித்தனியே ஒளிர்ந்த விளக்குகள். ஆர்வலர் பலர் ஒன்றுகூடிப் பேசவும், கண்டதை ஒப்பிட்டுப் பார்க்கவும், ஐயம் நேர்ந்தவிடத்து வினவித் தெளியவும் ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1910-ஆம் ஆண்டில் தோன்றிய ஹாலி வால்மீன் அதற்கு வழி கோலியது. உலகமே அண்ணாந்து பார்த்த அவ்வாண்டில், கல்கத்தாவில் இந்திய வானநூற் சங்கம் தோன்றியது. அதனை முன்னின்று நிறுவிய டாம்கின்ஸ் என்பார் அரசாங்கக் கணக்குத்துறையின் உயர் அதிகாரி. அக்காலத்தில் நிதித்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்த சி. வி. ராமனும் அச்சங்கத்தின் உறுப்பினராயிருந்தார். பகலில் அரசாங்கத்தின் வரவு செலவைப் பார்த்தவர்கள் மாலையில் வானத்தின் கணக்கைப் பார்க்க அமர்ந்தனர். அச்சங்கம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. ஆனால், ஊதியமின்றி உழைப்போரும் முறைப்படி அறிவு வளர்க்க இயலும் என்னும் எண்ணத்தை அது நம் நாட்டில் ஊன்றிச் சென்றது.

அதே வால்மீனைக் கல்கத்தாவிலிருந்து தொலைவிலுள்ள ஜெஸ்ஸோரில் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார் ஓர் எளிய மனிதர். ஜெஸ்ஸோர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. அவர் பெயர் இராதாகோவிந்த சந்திரர். 1878-இல் பிறந்தவர். பள்ளிப் பாடநூலில் அட்சயகுமார தத்தர் அண்டத்தின் பெருமையைப் பற்றி எழுதியிருந்த கட்டுரை சிறுவயதிலேயே அவருள்ளத்தில் தைத்தது. ஆயினும் கல்லூரியின் வாயில் அவருக்குத் திறக்கவில்லை. நுழைவுத் தேர்வில் மும்முறை தவறினார். பின்னர் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தின் கஜானாவில் மாதம் பதினைந்து ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவ்வூர் வழக்கறிஞரும் வானநூல் பயின்றவருமான காளிநாத முகர்ஜியின் தொடர்பால் விண்மீன்களை இனங்கண்டறியும் பயிற்சி பெற்றார். 1912-இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். அவருடைய ஊதியத்தை நினைத்துப் பார்த்தால், அக்கருவி எத்தகைய தியாகத்தின் விலை என்பது விளங்கும்.

1918 ஜூன் மாதத்தில் கழுகு மண்டலத்தில் அதுகாறும் விளங்காத விண்மீன் ஒன்று திடீரெனப் பேரொளியுடன் தோன்றிற்று. உலகின் பல பகுதிகளிலும் பலர் தனித்தனியே அதனைக் கண்டனர்; அவர்களுள் சந்திரரும் ஒருவர். தாம் கண்டதை அவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்துக்கு எழுதியனுப்பினார். அதன்வழியாக, மாறொளி விண்மீன்களை நோக்கும் அமெரிக்க ஆர்வலர் சங்கத்தின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. 1911-இல் அச்சங்கத்தைத் தொடங்கிய ஆல்காட் என்பாரும் வானநூலைத் தொழிலாகக் கொண்டவரல்லர்; சட்டம் பயின்றவர்.

மாறொளி விண்மீன்கள் என்பவை யாவை? ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்கள் அவை. திமிங்கல மண்டலத்திலுள்ள மீரா என்னும் விண்மீன் ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குப் புலனாகி, பின்னர் தொலைநோக்கிக்கு மட்டுமே தென்படுமளவு மங்கிவிடும். இவை போன்றவை பல்லாயிரம் உள்ளன. அனைத்தையும் இரவுதோறும் பார்ப்பது பெரிய நிலையங்களுக்கு இயலாது. பெருந்தொலைநோக்கியின் ஒவ்வொரு மணி நேரமும் வேறு ஆராய்ச்சிகளுக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே இங்குதான் ஆர்வலரின் கண் தேவைப்படுகிறது.

அவர் செய்யவேண்டியது கேட்பதற்கு எளிது. மாறும் விண்மீனுக்கு அருகே ஒளி மாறாத விண்மீன்கள் சில இருக்கும். அவற்றின் ஒளித்தரம் வரைபடத்தில் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். தசமப் புள்ளியை விண்மீன் என்று மயங்கிவிடாதிருக்கும் பொருட்டு, 8.2 என்பதை 82 என்றே அச்சிடுவர். மாறும் விண்மீன் 8.2-க்கும் 8.6-க்கும் சரிபாதியாகத் தோன்றினால் 8.4 என்று எழுதவேண்டும். நாளும் நேரமும் குறிக்கவேண்டும். முன்னிரவு என்ன எழுதினோம் என்பதை நினையாது, இன்று கண்ணுக்குப் பட்டதையே எழுதவேண்டும். ஒருநாள் செய்வதற்கு இதில் அருமை ஏதுமில்லை. முப்பது ஆண்டுகள் விடாது செய்வதே அருமை.

இந்தியக் கண்களுக்கு மற்றுமொரு சிறப்பு இருந்தது. அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது வங்காளத்தில் இரவு. திடீரென வெடித்தொளிரும் விண்மீன்கள் சில மணி நேரத்திலேயே பன்மடங்கு ஒளி பெற்றுவிடும். அப்போது நம் நாட்டில் ஒருவர் விழித்திருக்காவிடில், உலகக் குறிப்பேட்டில் அவ்விடம் வெற்றிடமாகவே நின்றுவிடும். கடந்துபோன இரவைப் பின்னொரு நாளில் எந்தப் பேரறிஞராலும் பார்த்து நிரப்ப இயலாது. ஜெஸ்ஸோர்க் குமாஸ்தா காத்தது இவ்வெற்றிடத்தைத்தான்.

1954 வரையில் அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கும் மேற்பட்டவை. அவருடைய உழைப்பைக் கண்ட அமெரிக்கச் சங்கம், ஆறங்குலத்துக்குச் சற்று மிகுந்த விட்டமுடைய தொலைநோக்கியொன்றை 1926-இல் அவருக்கு அனுப்பிவைத்தது. அது சார்ல்ஸ் எல்மர் என்னும் ஆர்வலருக்கு உரியதாயிருந்தது. எல்மரின் தொழிலும் நீதிமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்யும் எழுத்துப் பணியே. 1928-இல் பிரெஞ்சு அரசாங்கம் சந்திரருக்கு விருதளித்துச் சிறப்பித்தது. நாடு பிரிவினையுற்ற பின்னர் அவர் மேற்கு வங்காளத்தில் குடியேறினார், 1975-இல் காலமானார். நுழைவுத் தேர்வு அளக்கத் தவறிய திறமையை வானம் அளந்தது என்றால் மிகையன்று. எனினும், அயல்நாட்டார் அறிந்த அளவுக்கு நம்மவர் அவரை அறியவில்லை என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

அத்தொலைநோக்கி என்னாயிற்று என்பதைக் காண, நாம் ஹைதராபாத்துக்குச் செல்லவேண்டும். அங்கு 1901-இல் நவாப் ஜாபர் ஜங் என்னும் பிரபு தம் ஆர்வத்தால் ஒரு வானாராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தார். அவருக்குப் பின் அது நிஜாம் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்து, நிஜாமியா வானாராய்ச்சி நிலையம் என விளங்கிற்று. அந்நிலையத்தில் பணியாற்றிய ஒருவரின் மைந்தரே 1927-இல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. அவரும் மாணவப் பருவத்திலேயே மாறொளி விண்மீன்களை நோக்கிக் குறிப்பெழுதிய ஆர்வலர். பின்னர் ஹார்வர்டில் பயின்றார்; 1949-இல் தம் தோழர் இருவருடன் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார்; தாயகம் திரும்பி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார். சந்திரர் தம் நோக்கும் பணியை நிறுத்திய பிறகு, எல்மரின் தொலைநோக்கி பாப்புவிடம் ஒப்படைக்கப்பட்டது. நாளடைவில் காவலூரை அடைந்தது. அமெரிக்க ஆர்வலர் ஒருவரின் கருவி வங்கக் குமாஸ்தாவின் கைக்கு வந்து, ஆர்வலராய்த் தொடங்கி அறிஞராய் உயர்ந்த ஒருவரிடம் சேர்ந்து, தமிழ்நாட்டு மலையில் தங்கியது. 1986-இல் காவலூரின் பெருந்தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதன் வரலாற்றை எழுதுவோர் இச்சிறு கருவியை மறத்தல் தகாது.

விண்கலங்கள் வானில் உலவத் தொடங்கிய பின்னர் ஆர்வலருக்கு வேலையில்லாமற் போயிற்றா? இல்லை. அன்ன மண்டலத்திலுள்ள எஸ். எஸ். சிக்னி என்னும் விண்மீன் சில வாரங்களுக்கு ஒருமுறை திடீரென ஒளிவிடும். என்று ஒளிவிடும் என்பதைத் திட்டமாக முன்கூட்டிச் சொல்ல இயலாது. 1970-களில் எக்ஸ்-கதிர்க் கருவிகளை விண்ணிலிருந்து அதன்பால் திருப்பிய விஞ்ஞானிகள், அத்தருணத்தை அறியத் தரையிலிருந்த ஆர்வலரின் செய்தியையே நாடினர். அச்சங்கத்தின் தொகுப்பில் இன்று கோடிக்கணக்கான குறிப்புகள் உள்ளன. யாரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க அத்தொகுப்பில், ஜெஸ்ஸோரில் எழுதப்பட்ட எண்களும் பிறர் எண்களுடன் சேர்ந்தே நிற்கின்றன.

வானைப் பார்த்து வியப்போர் எக்காலத்தும் உண்டு. 1910-இல் வால்மீனைப் பார்த்தோர் எண்ணிறந்தவர். அவ்வியப்பை மறுநாளும், அடுத்த ஆண்டும் ஒரு குறிப்பேட்டில் தொடர்ந்து எழுதியவர் மிகச் சிலர். கிரகணம் பற்றியும் விண்கலம் பற்றியும் கூடிப் பேசும் இளைஞர் நம் ஊர்களில் இன்று பெருகியிருக்கின்றனர். அவர்கள் பேச்சோடு நின்றுவிடாமல், ஒரேயொரு மாறொளி விண்மீனையேனும் தமக்கெனத் தேர்ந்துகொண்டு, நாளும் நேரமும் ஒளித்தரமும் குறித்து வருவார்களாயின், அதற்குப் பட்டமும் வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை. ஒரு வரைபடம், ஒரு சிறு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். மழை மேகம் விலகிய முதல் இரவிலேயே தொடங்கலாம்.