‘அப்பிள் 2 என்றென்றும்’: ஒரு வாக்குறுதியின் வரலாறு

கணினியின் வரலாறு பெரும்பாலும் அதனை உருவாக்கியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவர்களை நம்பிப் பணம் கொடுத்து வாங்கியவர்களின் வரலாறு எழுதப்படுவது அரிது. அப்பிள் நிறுவனத்தின் கதையும் இதற்கு விதிவிலக்கல்ல. ஸ்டீவ் ஜொப்ஸின் மேதைமை பற்றிப் பல நூல்கள் உண்டு. ஆனால், அந்நிறுவனத்தை அதன் ஆரம்ப ஆண்டுகளில் தாங்கி நின்ற அப்பிள் 2 கணினியின் பாவனையாளர்கள் எவ்வாறு கைவிடப்பட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற கணினிக் கண்காட்சியொன்றில் அப்பிள் 2 அறிமுகமானது. நான்கு கிலோபைட் நினைவகம் கொண்ட அடிப்படை மாதிரியின் விலை 1,298 டொலர். அதனை வடிவமைத்தவர் ஸ்டீவ் வொஸ்னியாக். விரிவாக்க அட்டைகளைச் செருகுவதற்கு எட்டு இடங்கள் அதில் இருக்க வேண்டுமென்று அவர் பிடிவாதமாக நின்றார். இரண்டு போதும் என்பது ஜொப்ஸின் எண்ணம். வென்றது வொஸ்னியாக்கின் பிடிவாதமே. மூடியைத் திறந்து, வேண்டிய அட்டையைத் தானே செருகி, இயந்திரத்தைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளப் பாவனையாளனுக்கு முடிந்தது. அந்த உரிமையிலிருந்து பிறந்ததுதான் அவனது விசுவாசம்.

1979 இல் வெளிவந்த ‘விசிகல்க்’ என்ற கணக்கீட்டு மென்பொருள், அக்கணினியை வணிக நிலையங்களுக்குக் கொண்டு சென்றது. பாடசாலைகளும் அதனைப் பெருமளவில் வாங்கின. 1983 இல் கலிபோர்னியா மாநிலத்தில் மாத்திரம் ஏறத்தாழ 9,000 பாடசாலைகளுக்கு ஒவ்வொரு கணினியை அப்பிள் அன்பளிப்பாக வழங்கியது. அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட கணினி இதுவே.

இதற்கிடையில் நிறுவனத்தின் கவனம் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. 1980 இல் வந்த அப்பிள் 3 தோல்வியடைந்தது. 1983 இல் 9,995 டொலர் விலையில் வந்த லீசாவும் விலைபோகவில்லை. இந்தத் தோல்விகளின் செலவை ஈடுசெய்தது அப்பிள் 2 ஈட்டிய வருமானமே. 1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டொஷையும் அதே வருமானம்தான் வளர்த்தெடுத்தது.

அப்பிள் 2 பாவனையாளர்கள் கலங்கத் தொடங்கியதை நிறுவனம் உணராமலில்லை. 1984 ஏப்ரல் 24 ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோவில் பெரும் விழாவொன்றை நடத்தி, அப்பிள் 2 சீ என்ற புதிய மாதிரியை வெளியிட்டது. விழாவின் சுலோகம் ‘அப்பிள் 2 என்றென்றும்’ என்பதாகும். அன்று பிற்பகல் அப்பகுதியை நிலநடுக்கமொன்று உலுக்கியது. சகுனம் பார்ப்பவர்கள் அங்கு இருந்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும்!

அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே உண்மை நிலை வெளிப்பட்டது. 1985 ஜனவரியில் நடைபெற்ற பங்குதாரர் கூட்டத்தில் புகழ்ச்சியெல்லாம் மெக்கின்டொஷுக்கே கிடைத்தது. அப்போது நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பங்கை ஈட்டித் தந்துகொண்டிருந்த அப்பிள் 2 பிரிவினர் கண்டுகொள்ளப்படவில்லை. தலைமை நிர்வாகி ஜோன் ஸ்கலியிடம் வொஸ்னியாக் தமது அதிருப்தியைத் தெரிவித்தார். அடுத்த மாதமே நிறுவனத்தின் அன்றாடப் பணிகளிலிருந்து அவர் விலகினார். உழைக்கும் பிள்ளையைத் திண்ணையில் விட்டு, செல்லப்பிள்ளைக்குப் பந்தி வைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அங்கு நடந்ததும் அதுதான்.

1986 செப்டெம்பரில் வந்த அப்பிள் 2 ஜீ.எஸ். பாவனையாளர்களுக்கு மீண்டும் நம்பிக்கையூட்டியது. மெக்கின்டொஷ் அப்போது கறுப்பு வெள்ளையில் மட்டுமே காட்டியது. ஜீ.எஸ்ஸிலோ வண்ணமும் இருந்தது, சிறந்த ஒலியும் இருந்தது. ஆனால் அதன் வேகம் 2.8 மெகாஹேர்ட்ஸ் மாத்திரமே. மெக்கின்டொஷுக்குப் போட்டியாகிவிடக் கூடாது என்பதற்காகவே வேகம் மட்டுப்படுத்தப்பட்டது என்று பாவனையாளர் பலர் நம்பினர். வேறு நிறுவனங்கள் தயாரித்த அட்டைகளைச் செருகியபோது அதே கணினி இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் இயங்கியமை அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது. விளம்பரங்கள் அருகின. எதிர்பார்த்த புதிய மாதிரிகள் வரவில்லை. 1992 டிசெம்பரில் ஜீ.எஸ்ஸும், 1993 நவம்பரில் அப்பிள் 2 ஈயும் நிறுத்தப்பட்டன. ‘என்றென்றும்’ என்ற சொல்லின் ஆயுள் பத்து ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எட்டு பிட் தொழில்நுட்பத்தைப் பற்றிக்கொண்டிருந்தால் அப்பிள் பிழைத்திருக்காது. பழையதைக் கைவிட்டதால் மாத்திரம் ஒரு நிறுவனம் தவறிழைத்ததாகிவிடாது. தவறு வேறிடத்தில் இருந்தது. ‘இந்த வழி இத்தனை ஆண்டுகளில் முடியும், அடுத்த வழி இது’ என்று சொல்லியிருந்தால் பாடசாலையொன்று தனது பணத்தைத் திட்டமிட்டுச் செலவு செய்திருக்கும். அதற்குப் பதிலாக முதலில் வாக்குறுதியும், பின்னர் ஆண்டுக்கணக்கில் மௌனமும் கிடைத்தன. கோபத்திலும் அன்பின் மிச்சம் உண்டு. மௌனம் அந்த மிச்சத்தையும் தின்றுவிடுகிறது.

அதே நிறுவனம் இந்தப் பாடத்தை மீண்டும் படிக்க நேர்ந்தது. 2013 இல் உருளை வடிவில் வந்த மெக் புரோ, ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. திரைப்படத் தொகுப்பாளர்களும் இசைக்கலைஞர்களும் பொறுமையிழந்தனர். 2017 ஏப்ரலில் ஒருசில செய்தியாளர்களை அழைத்து, அந்த வடிவமைப்பு தங்களை முட்டுச்சந்தில் நிறுத்திவிட்டதாக நிறுவன அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். அட்டைகளைச் செருக எட்டு இடங்கள் கொண்ட புதிய மாதிரி 2019 டிசெம்பரில் வந்தது. வொஸ்னியாக் 1977 இல் கேட்டதும் எட்டு இடங்களைத்தான்!

அப்பிள் 2 பாவனையாளர்கள் 1989 இல் கன்சாஸ் நகரில் கூடத் தொடங்கினார்கள். அக்கணினியின் உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்தச் சந்திப்பு நடைபெற்றது. ‘என்றென்றும்’ என்ற வாக்குறுதியைக் கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள். காப்பாற்றியவர்கள், அதனை நம்பி ஏமாந்தவர்களே.