ஒரு சின்ன அடாப்டரும் அதன் பின்னே ஒரு பெரிய வரலாறும்



அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் இடியும் மின்னலுமாகப் பெருமழை பெய்தது. மழை ஓய்ந்து பார்த்தபோது வீட்டு ரவுட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. பழுதானது ரவுட்டர் அன்று. சுவரில் செருகியிருந்த அடாப்டர்தான். மறுநாள் பட்டணத்தில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். முதற்கடையில் கொடுத்த அடாப்டரின் முனை ரவுட்டரில் நுழையவே இல்லை. இரண்டாவது கடையில் கொடுத்தது நுழைந்தது. ஆயினும் அது 9 வோல்ட். எனக்கு வேண்டியதோ 12 வோல்ட். "நுழைந்தால் போதும், வேலை செய்யும்" என்றார் கடைக்காரர். வேண்டாம் எனத் திரும்பி, மூன்றாவது கடையில்தான் உரியதைக் கண்டெடுத்தேன்.

வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி எழுந்தது. அடாப்டருக்கு இரண்டு பக்கங்கள். சுவரில் செருகும் மூன்று கால் பக்கம் அலோர்ஸ்டாரில் வாங்கினாலும் கூலிமில் வாங்கினாலும் எல்லாச் சுவருக்கும் பொருந்துகிறது. ரவுட்டரில் செருகும் மறுபக்கமோ ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் கிடக்கிறது. ஒரே பொருளின் இரு பக்கங்களுக்கு ஏன் இந்த வேற்றுமை? விடை வரலாற்றில் இருக்கிறது.

இருவகை மின்னோட்டம்

1882-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் எடிசன் தொடங்கிய மின்நிலையம் நேர்த்திசை மின்னோட்டத்தை வழங்கியது. அக்கால நுட்பத்தில் அதனை நெடுந்தொலைவு கொண்டு செல்வது கடினம். மாறுதிசை மின்னோட்டத்தையோ மின்மாற்றியின் துணையால் உயர்த்தித் தொலைவுக்கு அனுப்பலாம். வீட்டருகே மீண்டும் தாழ்த்தலாம். ஆகவே உலகம் மாறுதிசை மின்னோட்டத்தைத் தெரிந்துகொண்டது. ஆனால், பின்னாளில் வந்த மின்னணுக் கருவிகளின் உள்ளுறுப்புகள் நேர்த்திசை மின்னோட்டத்தால்தான் இயங்கும். சுவரிலிருந்து வருவதைக் கருவிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இடையாள்தான் அடாப்டர்.

மலாயாவில் மின்சாரம்

மலாயாவில் மின்சாரத்தின் கதை தமிழருக்கும் உரியது. 1894-ஆம் ஆண்டு ரவாங்கில் ஈயச் சுரங்கத்து நீரிறைக்க மின்சாரத்தைப் பயன்படுத்திய இருவருள் ஒருவர் லோக் இயூ, மற்றவர் கா. தம்புசாமிப் பிள்ளை. பினாங்கு நகராண்மை 1904-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. நம் கெடாவின் பட்டணங்கள் சிலவற்றுக்கு ஹட்டன்பாக் என்னும் தனியார் நிறுவனம் மின்சாரம் வழங்கிற்று. தோட்டங்களோ தத்தம் சொந்த இயந்திரங்களை நம்பியிருந்தன.

பலர் கையில் மின்சாரம் இருந்தால் என்ன ஆகும்? அக்கால இலண்டனைப் பாருங்கள். 1918-இல் அந்நகர் ஒன்றில் மட்டும் 70 மின்வழங்கு அமைப்புகளும், 24 வகை மின்னழுத்தங்களும், 10 வகை அலைவெண்களும் இருந்தன! ஒரு தெருவில் வாங்கிய விளக்கு அடுத்த தெருவில் எரியாது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நாடு தழுவிய மின்வலைக்கு வழிவகுத்துத்தான் பிரிட்டன் அக்குழப்பத்தைத் தீர்க்கத் தொடங்கியது.

மலாயாவில் 1949 செப்டம்பர் 1-ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் பணிகளை 1990 செப்டம்பர் 1-ஆம் நாள் தெனாகா நேஷனல் ஏற்றுக்கொண்டது. நாம் பயன்படுத்தும் மூன்று கால் பிளக், 1947-இல் பிரிட்டனில் வகுத்த தரத்தைச் சார்ந்தது. அதன் மேல்கால் மற்ற இரண்டையும்விட நீளமானது; அது நுழைந்த பின்னரே மற்றத் துளைகளின் மறைப்பு விலகும். 2008 தொடக்கத்தில் நம் நாட்டின் பெயரளவு மின்னழுத்தம் 240 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட்டாக மாற்றப்பட்டது. எவர் வீட்டிலும் எக்கருவியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முன்னரே திட்டமிட்ட தரம் என்பதன் பயன் அதுவே.

லயத்தில் 12 வோல்ட்

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு அந்நாள் நினைவிருக்கும். பல தோட்டங்களில் மாலையில் ஓடத் தொடங்கும் மின்இயந்திரம் இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். 1963 திசம்பர் 28-ஆம் நாள் இந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. பிறகு அப்பெட்டி லயங்களுக்கும் வந்தபோது, பலர் கார் பேட்டரியைக் கொண்டே அதனை இயக்கினர். பேட்டரி இறங்கினால் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வருவார்கள்.

அந்தப் பேட்டரி 12 வோல்ட். அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டாக ஆறு அறைகள். சிவப்புக் கம்பி நேர்முனைக்கு, கறுப்புக் கம்பி எதிர்முனைக்கு. மாற்றிப் பூட்டினால் பெட்டி கெடும். எழுத்தறியாத முதியவர்கூட இதனை அறிந்திருந்தார். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரச் சட்டம், தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரம் வழங்குவதை முதலாளியின் கடமையாக்கியது. லயத்துச் சுவருக்கு மின்சாரம் வந்தது, பேட்டரி போயிற்று. சிவப்பும் கறுப்பும் பார்க்கும் பழக்கமும் உடன் போயிற்று.

அதன் விளைவை நான் கண்டிருக்கிறேன். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, வீட்டிலிருந்தே கற்க நேர்ந்த காலம். என் மாணவி ஒருத்தி திடீரென்று வகுப்பில் காணாமற்போனாள். விசாரித்தபோது, ரவுட்டருக்கு வேறொரு கருவியின் அடாப்டரைச் செருகிவிட்டார்கள் என்று தெரிந்தது. முனை அளவு பொருந்தியது. நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருந்தன. ரவுட்டரும் போயிற்று, அவளுக்கு இரண்டு வாரப் பாடமும் போயிற்று. அவள் தாத்தா லயத்தில் பேட்டரி பூட்டியவர். அவரிடம் எவரும் கேட்கவில்லை.

பார்க்க வேண்டிய நான்கு

பழைய அடாப்டரை எறிந்துவிடாமல் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அதன் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள்.

1. மின்னழுத்தம்: வெளியீட்டு வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். அது நேர்த்திசை மின்னோட்டம்தானா என்றும் காண்க. நேர்கோடும் அதன்கீழ் விட்டுவிட்ட கோடும் நேர்த்திசையைக் குறிக்கும். அலைக்கோடு மாறுதிசையைக் குறிக்கும்.

2. ஆம்பியர்: பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறைந்தால் அடாப்டர் சூடேறும். ரவுட்டர் அடிக்கடி நின்று நின்று இயங்கும்.

3. முனை: சிறு வட்டப்படம் ஒன்று இருக்கும். நடுப்புள்ளி கூட்டல் குறியோடு இணைந்திருந்தால் உட்புறம் நேர்முனை. பழையதிலும் புதியதிலும் படம் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. அளவு: வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என ஒன்றாக இருந்தும், உள்துளை 2.1 அல்லது 2.5 மில்லிமீட்டர் என வேறுபடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 2.5 உள்ளதை 2.1-க்குரிய கருவியில் செருகினால் நுழையும்; ஆனால் தொடர்பு தளர்ந்து விட்டுவிட்டு எரியும்.

சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவதும் நன்று.

மறுபக்கத்துக்கும் ஒரு தரம்

ரவுட்டர் பக்கத்துக்கும் தரம் காணும் முயற்சி இல்லாமல் இல்லை. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012-இல் எல்.1001 என்னும் பரிந்துரையை வெளியிட்டது. ஓரிடத்தில் நிலையாக வைத்துப் பயன்படுத்தும் தகவல் தொடர்புக் கருவிகளுக்கான பொது அடாப்டர் பற்றியது அது. ஆனால் பரிந்துரை, சட்டம் ஆகாது. கைப்பேசிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே இயற்றி, 2024 திசம்பர் 28 முதல் யூ.எஸ்.பி. டைப்-சி முனையைக் கட்டாயமாக்கியது. ரவுட்டர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

சுவர்ப் பக்கத்தின் ஒழுங்கு தானாக வந்ததன்று. சட்டமும் உடன்பாடும் கொண்டு வந்தது. மறுபக்கத்துக்கு அவ்வொழுங்கு வரும்வரை, படித்துப் பார்த்து வாங்கும் அறிவே நமக்குக் காப்பு. நம் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் நேர்முனை, எதிர்முனை கற்பிக்கிறோம். வீட்டிலுள்ள பழைய அடாப்டர் ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் சென்று, அந்த வட்டப்படத்தை ஒருமுறை காட்டினால் என்ன? நான் அடுத்த வாரம் அதைச் செய்யவிருக்கிறேன்.