காலமும் கொடையும்: மணிக்கூட்டுக் கோபுரமும் கைக்கடிகாரமும்

காலத்தை அளந்தறியும் முயற்சி மனித நாகரிகத்தோடு உடன்பிறந்ததாகும். பண்டைத் தமிழர் நாளொன்றை அறுபது நாழிகைகளாக வகுத்தனர். நாழிகை ஒன்று இக்கால அளவில் 24 நிமிடமாகும். நீர்க் கன்னல் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கர் பற்றிச் சங்க நூல்கள் பேசுகின்றன. அரண்மனையிலும் ஆலயத்திலும் அறியப்பட்ட பொழுது முரசாலும் மணியோசையாலும் ஊருக்குப் பரவியது. அளக்கும் கருவி சிலரிடமே இருந்தபோதிலும், அளக்கப்பட்ட காலம் யாவருக்கும் பொதுவாயிருந்தது. இப்பொதுமை எவ்வாறு தனியுடைமையாயிற்று, தனியுடைமையான பின்னர் அது அறத்தின் பெயரால் மீண்டும் பொதுமையை நாடுவது ஏன் என்பன வரலாற்று மாணவர் ஆராயத்தக்க வினாக்களாகும்.

யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்கலாம். விக்ரோறியா மகாராணியின் மூத்த மகனும் வேல்ஸ் இளவரசருமாகிய அல்பேட் எட்வேட் 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். அவ்வருகையின் நினைவாக, மக்கள் வழங்கிய நன்கொடையைக் கொண்டு முற்றவெளியை அண்டி இக்கோபுரம் எழுப்பப்பட்டது. இதனை வடிவமைத்த ஸ்மிதர், கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தையும் வடிவமைத்தவராவார். குடியேற்ற ஆட்சிக்குக் காட்டிய விசுவாசத்தின் சின்னமாகவே கோபுரம் தோன்றியதென்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அதன் பயன் அதன் நோக்கத்தைக் கடந்து சென்றது. சந்தைக்கு வந்த கமக்காரனுக்கும், நீதிமன்றம் வந்த வழக்காளிக்கும், பாடசாலை சென்ற மாணவனுக்கும் அது ஒரே நேரத்தையே காட்டிற்று. அண்ணாந்து பார்ப்பதற்குக் கட்டணமோ குலத் தகுதியோ வேண்டப்படவில்லை. ஆலய வாயிலும் கிணற்றடியும் பலருக்கு மறுக்கப்பட்டிருந்த ஒரு சமுதாயத்தில் இஃது அற்பமான செய்தியன்று.

1981இல் கோபுரத்துக்கு அண்மையிலுள்ள பொது நூலகம் எரியூட்டப்பட்டது. தொடர்ந்து வந்த போரில் கோபுரமும் சிதைவுற்றது. போர்நிறுத்தம் நிலவிய 2002ஆம் ஆண்டில் அது திருத்தியமைக்கப்பட்டது. அதற்கு உதவியவர் எட்வேட்டின் வழித்தோன்றலும், அப்போது வேல்ஸ் இளவரசராயிருந்து 2022இல் மன்னரானவருமான சாள்ஸ் ஆவார். இளவரசர் ஒருவருக்காக எழுந்த நினைவுச்சின்னம் மற்றோர் இளவரசரின் கொடையால் புத்துயிர் பெற்றது. இரு காலத்தும் பயன் பெற்றவர்கள் தெருவில் நடந்த பொதுமக்களே.

கோபுரத்திலிருந்து சட்டைப் பைக்கும், பையிலிருந்து மணிக்கட்டுக்கும் கடிகாரம் இறங்கிவந்தபோது காலம் உடையவனின் உடைமையாயிற்று. அவ்வுடைமையை ஆடம்பரப் பண்டமாக்கி உலகச் சந்தைக்கு அனுப்பிய நாடு சுவிற்சர்லாந்து ஆகும். பனி மூடிய யூரா மலைப்பகுதியில், குளிர்காலத்தில் வயல்வேலையற்ற உழவர் தம் வீடுகளிலேயே கடிகார உறுப்புகளைச் செய்தனர். வில்லரே என்னும் ஊரைச் சேர்ந்த ஜான் ஜாக் பிளாங்பானின் பெயரால் விளங்கும் நிறுவனம், தன் தோற்றத்தை 1735ஆம் ஆண்டுக்கு உரியதாகக் கொள்கின்றது. தன் தொன்மையையே அது தலையாய பெருமையாக விளம்பரம் செய்கின்றது.

அம்மரபை நுணுகி நோக்கின் அறாத தொடர்ச்சி ஒன்றை அங்கே காண்பதரிது. 1932இல் குடும்பத்தின் இறுதித் தலைவர் காலமானபின், அங்கே பணியாற்றிய பெற்றி பீக்ரர் என்னும் பெண்மணி அந்திரே லெயால் என்பவருடன் சேர்ந்து நிறுவனத்தை வாங்கினார். குடும்பத்தவர் எவரும் நிறுவனத்தில் இல்லாமையால் பழைய பெயரை நிறுவனப் பெயராகத் தொடரச் சட்டம் இடந்தரவில்லை. எனவே வில்லரே என்பதன் ஒலிகளை இடம்மாற்றி றேவில் எனப் பெயரிட்டனர். 1953இல் இந்நிறுவனம் சுழியோடிகளுக்கென ஆக்கிய கடிகாரம் 'ஐம்பது பாகம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் பெற்றது. கடலாழத்தைப் பாகக் கணக்கிலேயே அளந்துவந்த யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளருக்கு இவ்வளவு புதியதன்று. ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீற்றராகும். 1969இல் யப்பானிய செய்கோ நிறுவனம் குவாட்ஸ் படிகத்தால் இயங்கும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன்பின் மலிவும் துல்லியமும் ஒருங்கே பெருக, சுவிஸ் கடிகாரத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்தனர். பிளாங்பான் பெயரும் மறைந்தது. 1983இல் அப்பெயரை விலைக்கு வாங்கிய ஜான் குளோட் பிவேரும் ஜாக் பிகேயும் வேறோர் ஊரில் உற்பத்தியை மீளத் தொடங்கினர். குடும்பமும் ஊரும் மாறியபின் பெயரே மரபாக எஞ்சியது. குவாட்ஸ் கடிகாரம் செய்வதில்லை என்பதையே அவர்கள் விற்பனைக்குரிய சிறப்பாக்கினர். நேரத்தை அறிதற்கு மலிவான கருவி போதுமென்றானபின், விலையுயர்ந்த கடிகாரம் கதையை விற்கவேண்டியதாயிற்று.

அக்கதையின் புதிய அதிகாரமே அறக்கொடைச் சிறப்புப் பதிப்பு ஆகும். 2014இல் பிளாங்பான் நிறுவனம் கடல் பேணலின் பெயரால் 250 கடிகாரங்களை மட்டும் வெளியிட்டது. ஒவ்வொன்றின் விற்பனையிலிருந்தும் 1,000 யூரோ, மொத்தம் 250,000 யூரோ, கடலாய்வுப் பயணங்களுக்கு வழங்கப்படுமென அறிவித்தது. மொனாக்கோவில் 2005இல் தொடங்கிய 'ஒன்லி வொச்' என்னும் ஏலம் இன்னும் பெரியது. தசைகளை நலிவிக்கும் டுஷேன் என்னும் பரம்பரை நோய் பற்றிய ஆய்வுக்காக, கடிகார நிறுவனங்கள் ஒவ்வொன்றே செய்த கடிகாரங்களை அதற்கு வழங்குகின்றன. 2019இல் பற்றேக் பிலிப் நிறுவனத்தின் கடிகாரமொன்று அங்கே 31 மில்லியன் சுவிஸ் பிராங்குக்கு விலைபோயிற்று. ஆனால் 2023இல் திரண்ட பணத்தின் கணக்கைப் பற்றிப் பலர் வினா எழுப்பினர். அவ்வாண்டு நடைபெறவிருந்த ஏலம் ஒத்திவைக்கப்பட்டு 2024 மே மாதத்திலேயே நடைபெற்றது.

இக்கொடைகளை வெறும் பாசாங்கென ஒதுக்குதல் நேர்மையாகாது. நோயுற்ற சிறுவனுக்கான ஆய்வு, பணம் எவர் பையிலிருந்து வந்ததென வினவி நிற்பதில்லை. ஆயினும் கொடையும் விளம்பரமும் ஒரே பண்டத்தில் இணையும்போது அளவுகோல் ஒன்று வேண்டப்படுகின்றது. கொடுக்கப்படும் தொகை முன்கூட்டியே வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். அது சென்றடைந்த இடமும் செய்த பயனும் கணக்கிற் காட்டப்படல் வேண்டும். கொடையின் பெருமை விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் மட்டுமே உரியதாகிவிடலாகாது. முதலாவதை 2014ஆம் ஆண்டுப் பதிப்பு நிறைவேற்றியது. இரண்டாவதன் இன்றியமையாமையை 2023ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்திற்று. மூன்றாவதோ எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பை ஏற்றும் சிறப்புப் பதிப்பின் இயல்போடு முரண்படுவது. 250 பேருக்கு மட்டுமே கிடைப்பதென்பதே அப்பண்டத்தின் கவர்ச்சியாகும்.

யாழ்ப்பாணக் கோபுரத்தின் வரலாறு இம்மூன்றாவது அளவுகோலுக்கே சான்று பகருகின்றது. அது அரசகுலப் புகழுக்காகத் தோன்றியதெனினும், நிழலில் நின்றவரும் நேரம் பார்த்தவரும் ஊர் மக்களாயினர். மரபு என்பது பெயர்ப் பதிவேட்டில் வாழ்வதிலும் பார்க்கப் பலர்தம் பயன்பாட்டிலேயே உறுதியாக வாழ்கின்றது. இன்று கைக்கடிகாரமும் கைத்தொலைபேசியும் யாவரிடத்தும் உள்ளமையாற் கோபுரத்தின் தேவை குறைந்துவிட்டதெனச் சிலர் கருதக்கூடும். பொதுவான ஒன்றைப் பேணும் பழக்கம் குறைந்துவிடலாகாது. முன்னோர் நன்கொடையால் எழுந்த கோபுரத்தை முறையாகப் பேணி, அதன் முட்கள் நில்லாது ஓடச்செய்தல், மற்றோர் இளவரசரின் வருகைக்காகக் காத்திராது ஊரவர் தாமே ஏற்கத்தக்க கடமையாகும்.