‘ஹீ’யை அடித்து ‘ஷீ’

பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் ஏ. லலிதாவின் பெயரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. 15 வயதில் திருமணம். 18 வயதில், நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். தந்தை பேராசிரியராக இருந்த கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்தார். 1943இல் தேறியபோது, சான்றிதழில் அச்சாகியிருந்த ‘ஹீ’யை அடித்து ‘ஷீ’ என்று திருத்த வேண்டியிருந்தது.

1948 முதல் கல்கத்தாவில், அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் வடிவமைப்புப் பொறியாளர். மின்கடத்துப் பாதைகளை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளிலும் அவர் உழைப்பு உண்டு. எல்லாம் தந்தையின் தயவு என்று சிலர் சுருக்கிவிடுகிறார்கள். கல்கத்தாவில் சகோதரரின் வீடு இருந்ததும், மகளைப் பார்த்துக்கொள்ளச் சகோதரரின் மனைவி இருந்ததும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

நான் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்தபோது என் மகளை வைத்திருந்தவர் என் நாத்தனார்.