ஏரியில கிரிக்கெட், டர்ஃப்ல ஹாக்கி

இந்த எபிசோடை எங்க ஊர் உத்திரமேரூர்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். எங்க ஊர்னாலே குடவோலைக் கல்வெட்டுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வர்றது ஏரி. கோடையில தண்ணி வத்தினதும் ஒரே நேரத்துல நாலு கிரிக்கெட் மேட்ச் ஓடும். ஹாக்கி ஸ்டிக்கோட ஒருத்தரைக்கூட அங்க நான் பாத்ததில்ல.

நான் காலேஜ்ல ஹாக்கி டீம். உண்மையைச் சொன்னா, கிரிக்கெட் டீம்ல எடுக்கலைன்னுதான் அங்க போனேன். கிரிக்கெட் பசங்க ப்ராக்டிஸ் முடிச்சுட்டுப் போன பிறகுதான் எங்களுக்கு கிரவுண்ட். இருட்டுறதுக்குள்ள அரை மணி நேரம். பதினாறு பேருக்கு ஒன்பது ஸ்டிக். "எல்லாம் 1983ஆல வந்தது"ன்னு புலம்புவோம். கபில்தேவ் கப்பைத் தூக்கினார், ஹாக்கி கதை முடிஞ்சுதுன்னு நம்பினோம்.

ஆனா வரலாறு அவ்வளவு சிம்பிள் இல்ல.

1983 ஃபைனல்ல ரெண்டு டீம்லயும் சேத்து அதிக ரன் அடிச்சவர் ஸ்ரீகாந்த், 38 ரன். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் மாணவர். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ்ல இந்திய ஹாக்கி டீம் ஸ்பெயினை 4-3னு ஜெயிச்சு தங்கம் வாங்குச்சு. கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், சென்னை லயோலா காலேஜ்ல படிச்சவர். ரெண்டு பேருமே நம்ம ஊர் காலேஜ் பசங்க. இதுல எந்தப் பேரு உங்களுக்கு உடனே தெரிஞ்சுது?

இத்தனைக்கும் சென்னையில ஹாக்கிக்கு வேர் ரொம்பப் பழசு. எம்.சி.சி. - முருகப்பா கோல்டு கப் 1901ல ஆரம்பிச்ச போட்டி. அந்த எம்.சி.சி. யாருன்னா, மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்!

அப்போ அடி எங்க விழுந்துச்சு? 1976, மான்ட்ரியல். ஒலிம்பிக் ஹாக்கி முதல் தடவையா செயற்கைப் புல் தரையில நடந்துச்சு. 1928ல இருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்ஸ்லயும் ஹாக்கி மெடல் வாங்கின இந்தியா, அந்த வருஷம் ஏழாவது இடம். மாஸ்கோல தங்கம் வந்தாலும், பல நாடுகள் புறக்கணிச்சதால மொத்தம் ஆறு டீம்தான். அடுத்த மெடல் 2021ல, டோக்கியோவுல. நடுவுல 41 வருஷம்.

தரை மாறினா ஆட்டமே மாறும். மண் தரையில பந்து எகிறும், நிக்கும்; அதை ஸ்டிக்கோட ஒட்டி வெச்சு ஏமாத்திக் கொண்டு போறதுதான் நம்ம வித்தை. டர்ஃப்ல பந்து வழுக்கிட்டுப் பறக்கும். வேகமும் ஸ்டாமினாவும்தான் அங்க முதல். இதை நான் புக்ல படிக்கல. சென்னையில ஒரு டர்ஃப்ல முதல் மேட்ச் ஆடினப்போ, நான் ஸ்டிக்கை இறக்குறதுக்குள்ள பந்து தாண்டிப் போயிடுச்சு. 7-0. பஸ்ல யாரும் பேசிக்கல.

இப்போ கணக்கைப் பாருங்க. ஏரியில ரெண்டு பேட், ஒரு டென்னிஸ் பால் போதும், 22 பேர் ஆடலாம். ஹாக்கிக்கு ஆளுக்கு ஒரு ஸ்டிக் வேணும். சர்வதேச அளவுக்கு ஆடணும்னா 91.4 மீட்டர் நீளத்துக்கு டர்ஃப் வேணும், அதுல தண்ணியும் தெளிக்கணும். தண்ணி வத்தினா எங்க ஊர்ல கிரிக்கெட் ஆரம்பிக்கும். தண்ணி தெளிச்சாதான் டர்ஃப்ல ஹாக்கி ஆரம்பிக்கும்.

வசதி கிடைச்ச இடத்துல ஆளுங்க வந்துட்டுதான் இருக்காங்க. அரியலூர் பையன் கார்த்தி செல்வம் கோவில்பட்டியில பயிற்சி எடுத்து, 2023ல சென்னை எழும்பூர்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி ஜெயிச்ச இந்திய டீம்ல ஆடினார். ஃபைனல்ல மலேசியாவை 4-3னு ஜெயிச்சாங்க. மாஸ்கோ ஃபைனல்லயும் அதே ஸ்கோர்தான்.

கிரிக்கெட் மேல இப்போ எனக்குக் கோபம் இல்ல. நாளைக்கு சாயங்காலம் நானும் ஏரிக்குப் போய் பேட்டிங் பண்ணுவேன். ஆனா வீட்டுப் பரண்ல என் பழைய ஸ்டிக் இன்னும் இருக்கு. உங்க காலேஜ்ல ஹாக்கி டீம் இருந்துச்சா? அதுல ஆடினவங்க யாராவது இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.